கட்டியங்காரன் இல்லாத ராஜாக்கள்

ஆரணி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுவினருக்கு,

அக்னி வசந்த விழாவுக்கு வரி வசூலிப்பது, பாரதப் பிரசங்கியாரை அமர்த்துவது, கூத்து ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது, படுகளத்துக்கு மண் கொட்டுவது, தீக்குழிக்கு விறகு அடுக்குவது என்று எல்லாம் உங்கள் தலையில்தான் விழுகிறது. இத்தனை அலைச்சலுக்கு நடுவில் உங்களில் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. ஊர்ப் பிள்ளைகள் கூத்துக் களத்தில் உட்காருவதில்லை. தறிப் பக்கத்தில் சாய்த்து வைத்த கைபேசியில் பாதி ராத்திரி வரை பார்ப்பதோ கொலைகாரனும் கொள்ளைக்காரனும் போதைப்பொருள் காய்ச்சுகிறவனும் கதாநாயகனாக வரும் தொடர்கள். இருட்டு, ரத்தம், செத்தவன் எழுந்து நடப்பது, உடன்பிறந்தவர்களுக்குள் தகாத உறவு என எதற்கும் கூச்சப்படாத கதைகள். கெட்டவன் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளை உருப்படுமா என்று கேட்கிறீர்கள். இந்தக் குறையில் பாதி தவறு. மறு பாதியில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது நீங்கள் கைகாட்டும் இடத்தில் இல்லை. அதைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன்.

முதலில் தவறான பாதி. கெட்டவன்மேல் ஆசை வைப்பதை இந்த ஊருக்குள் கொண்டுவந்தது நெட்ஃபிளிக்ஸ் அல்ல. விழாவின் கடைசி நாள் காலையில் நீங்களே படுகள மைதானத்தில் யாரைப் படுக்க வைக்கிறீர்கள்? பாரதத்தில் எத்தனையோ உத்தமர்கள் இருக்க, நெடுநீள மண் உருவம் துரியோதனனுக்குத்தான். மண்ணைக் குவித்து, தண்ணீர் தெளித்து இறுக்கி, கிரீடமும் முறுக்கிய மீசையும் வைத்து, வண்ணம் பூசி மல்லாக்கப் படுக்க வைத்த ராஜா. தருமருக்கு அப்படி ஓர் உருவம் கிடையாது, அர்ச்சுனனுக்கும் கிடையாது. இரவெல்லாம் பதினெட்டாம் போர் ஆடிய துரியோதன வேடக்காரரும் பீம வேடக்காரரும் விடிந்த பிறகு அந்த உருவத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். கூட்டமும் கூடவே ஓடுகிறது. தொடையில் அடி விழுந்து, உள்ளே வைத்த செந்நீர் வெளியே வந்ததும் பாஞ்சாலியின் விரித்த கூந்தல் முடியப்படுகிறது. அதோடு யாரும் கலைந்து போவதில்லை. செத்தவனுக்கு ஒப்பாரி நடக்கிறது, பார்க்க வந்த பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். பிறகு பல ஊர்களில் அந்த உருவத்திலிருந்தே ஒரு பிடி மண்ணை எடுத்துப் போகிறார்கள், வீட்டில் வைத்தால் நல்லது, நிலத்தில் போட்டால் விளையும் என்று. குலமகளைச் சபைக்கு இழுத்து வரச் சொன்னவனின் மண் நம் வீட்டுக்குள் வருகிறது. இதைவிட அழுத்தமாக ஒரு கெட்ட நாயகனை எந்த வெளிநாட்டுத் தொடரும் கொண்டாடிவிடவில்லை.

கூத்தில் வேடம் கட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். துரியோதனன், துச்சாதனன், கீசகன், இரணியன், இராவணன் ஆகியவைதான் பேர் சொல்லும் வேடங்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் ஏறிய உடம்பு திரைக்குப் பின்னால் நிற்கிறது. திரைக்குக் கீழே சலங்கைக் கால், மேலே கிரீட முனை. பாட்டு ஏற ஏற, திரை விலகி, ராஜா கிறுக்கி அடித்துச் சுழன்று வரும்போது எழுகிற ஆரவாரம் தருமர் வரும்போது எழுவதில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசையில் தலைமுறை தலைமுறையாக ஆடும் தம்பிரான்களின் பேர் டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் போனதும் இந்த ராஜ வேடங்களோடு சேர்ந்துதான். ஆக, கெட்டவனை நடுவில் நிறுத்தி, விளக்கெல்லாம் அவன்மேல் விழ வைப்பது நம் ஊர்க் கலையின் பழைய பழக்கம்.

அந்த ஈர்ப்பு எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதிலும் பழையதும் புதியதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நம் பிரசங்கியார் துரியோதனனைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கதையை விடுவதே இல்லை. பானுமதியும் கர்ணனும் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருக்கும்போது, எழப்போனவளின் மேகலையைக் கர்ணன் பற்றி இழுக்க, மணிகள் சிதறுகின்றன. உள்ளே வந்த கணவன் சந்தேகப்படவில்லை, மணியைப் பொறுக்கித் தரவா என்கிறான். அந்த ஒரு நொடியில் அவன் செய்த நூறு பாதகமும் கேட்பவர் மனத்தில் பின்னுக்குப் போகிறது. அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய 'தி சோப்ரானோஸ்' தொடரில் கொலைக்கு அஞ்சாத கும்பல் தலைவன் டோனி, தன் வீட்டு நீச்சல் குளத்தில் வந்து தங்கிய வாத்துக் குடும்பம் பறந்து போனதும் நெஞ்சு அடைத்து விழுகிறான். பானுமதியின் மணிகளும் இந்த வாத்துகளும் கதையில் செய்யும் காரியம் ஒன்றே. 'டெக்ஸ்டர்' தொடரின் தொடர்கொலைகாரனுக்கு, கொலைகாரர்களை மட்டுமே கொல்வேன் என்று ஒரு கட்டுப்பாடு. 2011இல் தொடங்கிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் எபிசோடிலேயே, தன் ரகசியத்தைப் பார்த்துவிட்ட சின்னப் பையனை உயரத்திலிருந்து தள்ளிவிடுகிறான் ஜெய்மி. பின்னால் ஒரு குளியலறைக் காட்சியில், ஊரோடு எரிக்கப்போன பைத்தியக்கார அரசனை ஏன் கொன்றேன் என்று அவன் சொல்லி முடிக்கும்போது பார்ப்பவர்கள் அந்தப் பையனை மறந்துவிடுகிறார்கள். சினிமா ஆய்வாளர் மர்ரி ஸ்மித் 1995இல் வெளிவந்த நூலில் இதைப் பிரித்துக் காட்டினார்: ஒருவனோடு கூடவே போய் அவன் மனத்துக்குள் எட்டிப் பார்ப்பது வேறு, அவன் செய்வது சரி என்று அவன் கட்சியில் சேர்வது வேறு. நல்ல கதைசொல்லி முதலாவதைச் செய்ய வைக்கிறான். நாமாகவே வழுக்கி இரண்டாவதில் விழுகிறோம்.

இருட்டான மாயக் கதை என்பதும் நமக்குப் புதிதல்ல. போருக்கு முன்னால் களப்பலியாகும் அரவானின் வெட்டுண்ட தலை, கண் மூடாமல் போர் முழுவதையும் பார்க்கிறது. ஆரணியிலிருந்து தொலைவில்லாத மேல்மலையனூரில் மாசி மாதத்து மயானக் கொள்ளையில், மண்டையோடு கையில் ஒட்டிக்கொண்ட சிவனை விடுவிக்க அங்காளம்மன் சுடுகாட்டுக்கு வருகிறாள். புஷ்கர்-காயத்ரி எழுதிய 'சுழல்' என்ற தமிழ்த் தொடர் 2022இல் வந்தபோது, அதன் கதை முழுக்க இந்த மயானக் கொள்ளை விழா நாட்களில்தான் நடந்தது. பிள்ளைகள் கைபேசியில் பார்த்த இருட்டு நம் பக்கத்துத் திருவிழாவின் இருட்டுதான்.

இந்த இருட்டு ஏன் பிடிக்கிறது? வக்கிரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. 'பிரேக்கிங் பேட்' தொடரின் வால்டர் வைட் யார்? வேதியியலில் மேதை, பள்ளியில் சம்பளம் போதாத வாத்தியார், மாலையில் கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்து மாணவனின் காரையே துடைக்கும் நிலை. புற்றுநோய் வந்த பிறகு போதைப்பொருள் காய்ச்சத் தொடங்குகிறான். நாளெல்லாம் பிறருக்குப் பதில் சொல்லியே வாழ்ந்தவன் ஒரு நாள் யாருக்கும் பதில் சொல்லாதவனாக மாறுகிறான். முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, ஜரிகை எடை குறைந்தால் திட்டு வாங்கி, கூலி எவ்வளவு என்று மற்றவர் சொல்லக் கேட்டு, பாவு தீர்ந்தால் அடுத்த பாவுக்குக் காத்திருந்து வாழும் ஒரு தறி வீட்டில், அந்த மாற்றம் கிளுகிளுப்பாகத்தான் இருக்கும். அதற்காக அந்த வீட்டுப் பிள்ளை போதைப்பொருள் காய்ச்சப் போவதில்லை. அடங்கிக் கிடக்கிற ஆத்திரத்துக்கு ஒரு மணி நேரம் முகம் கிடைக்கிறது, அவ்வளவுதான். துரியோதனன் எவருக்கும் தலை வணங்காதவன் என்று பாட்டில் வரும்போது கூத்துக் களத்தில் துண்டை உதறி ஆர்ப்பரித்தவர்களுக்கும் இதே ஆத்திரம்தான் இருந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் குறையில் நியாயமான பாதிக்கு வருகிறேன். கெட்டவன் நடுவில் நிற்பது பிரச்சினையல்ல என்றால், பிரச்சினை எங்கே? அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதில்.

கூத்தில் எந்த ராஜாவும் தனியாக வருவதில்லை. கட்டியங்காரன் ஏற்கெனவே களத்தில் இருக்கிறான். ராஜாவின் புகழைச் சொல்ல வேண்டியவன் அவன், சம்பளம் அதற்குத்தான். ஆனால் அவன் செய்வது என்ன? முப்பத்திரண்டு அடி கொண்ட பட்டப் பேரை ராஜா முழங்கி முடித்ததும், யாருய்யா நீ என்று கேட்கிறான். ராஜா செந்தமிழில் சொன்னதை ஆரணித் தமிழில் திருப்பிப் போட்டுக் கவிழ்க்கிறான். ரேஷன் அரிசி, பட்டு நூல் விலை, உள்ளூர்த் தேர்தல் எல்லாம் அத்தினாபுரத்துச் சபைக்குள் புகுந்துவிடுகின்றன. ராஜாவின் ஆணையை நிறைவேற்றும் சேவகனும் அவன்தான், தூதனும் அவன்தான், ஊர் ஜனங்களின் வாயும் அவன்தான். இரவு முழுவதும் மற்ற வேடங்கள் மாறி மாறி வர, அவன் மட்டும் பெரும்பாலும் களத்தை விட்டுப் போவதில்லை. இதனால் என்ன நடக்கிறது? ராஜாவின் கம்பீரத்தில் நாம் மயங்கத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் யாரோ விலாவில் இடிக்கிறார்கள். மயக்கம் முழுதாகப் பிடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது. ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட், பார்வையாளர் கதைக்குள் மூழ்கிவிடாமல் சற்றுத் தள்ளி நின்று யோசிக்க வேண்டும் என்று கொள்கையாக வகுத்ததைக் கட்டியங்காரன் கொள்கை எதுவும் சொல்லாமல் செய்துகொண்டிருந்தான். பிரெக்டின் நாடகம் ஒன்றைப் புரிசைக்காரர்கள் 'வெள்ளை வட்டம்' என்று கூத்தாகவே ஆடிக் காட்ட முடிந்ததில் வியப்பில்லை.

இப்போது அந்தத் தொடர்களைப் பாருங்கள். வால்டர் வைட்டைப் பார்த்து, யாருய்யா நீ என்று கேட்கும் ஆள் இருக்கிறாரா? இருக்கிறாள், அவன் மனைவி ஸ்கைலர். எங்கே போகிறாய், பணம் எங்கிருந்து வருகிறது, வீட்டில் குழந்தை இருக்கிறதே என்று கேட்கிறவள் அவள். பின்னால் அவள் கையிலும் கறை படிகிறது என்பது வேறு விஷயம். கேட்டதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? உலகம் முழுவதும் ரசிகர்கள் கணவனை விட்டுவிட்டு மனைவியை வெறுத்தார்கள். அந்தப் பாத்திரத்தில் நடித்த அன்னா கன், 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கட்டுரையே எழுத வேண்டி வந்தது. பாத்திரத்தின் மேலிருந்த வெறுப்பு நடிகையின் மேலும் பாய்ந்து, அவரைக் கொல்ல வேண்டும் என்று எழுதியவர்கள் வரை போயிருந்தது. சின்னப் பையனுக்கு விஷம் வைத்தவனை மன்னிக்க முடிந்தவர்களுக்கு, கேள்வி கேட்ட பெண்ணை மன்னிக்க முடியவில்லை. உங்கள் கவலைக்கு எதிரே நான் வைக்கும் முதல் சாட்சி இது. பிள்ளைகள் கெட்டவனைப் போல் நடந்துகொள்வார்கள் என்பது என் பயமல்ல. கெட்டவனால் அடிபட்டவர்கள்மேல் அவர்களுக்குச் சலிப்பு வந்துவிடும் என்பதே பயம்.

அடிபட்டவளுக்குக் கதையில் என்ன இடம் என்பதில்தான் நம் மைதானம் பெரிய வேறுபாட்டைக் காட்டுகிறது. துகில் உரியும் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஜமாக்களில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகே துச்சாதன வேடக்காரர் சேலை முனையைத் தொடுகிறார். ஆடுவது பாதகம் என்று ஆடுகிறவரே ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆடும் காட்சி அது. (சேலை நெய்து பிழைக்கும் ஊரில் அந்தக் காட்சியைப் பார்ப்பதற்கென்று ஒரு கனம் உண்டு.) அதோடு, அங்கே நீளமாகப் பாடுவதும் வாதாடுவதும் பாஞ்சாலி. தன்னையே தோற்றுவிட்டவன் என்னை எந்த உரிமையில் பணயம் வைத்தான் என்ற சட்டக் கேள்வியை அவள் கேட்கிறாள். சபைப் பெரியவர்கள் வாயடைத்துப் போவது நமக்குக் காட்டப்படுகிறது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஐந்தாம் சீசனில், 2015 மே மாதம் வந்த ஆறாவது எபிசோடின் முடிவில், சான்சா என்ற இளம்பெண் மணமான இரவிலேயே சிதைக்கப்படுகிறாள். கேமரா அவளை விட்டுவிட்டு, கட்டாயத்தின் பேரில் பார்த்துக்கொண்டிருக்கும் தியான் என்பவனின் முகத்துக்குப் போய் நிற்கிறது. நடந்தது அவளுக்கு, காட்டப்பட்டது அவன் படும் பாடு. அமெரிக்காவிலேயே அதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. நாகரிகம் கருதித்தான் கேமராவைத் திருப்பினோம் என்று சொல்லலாம். ஆனால் திருப்புவதற்கு வேறு திசைகளும் இருந்தன.

நம் சினிமாவும் இதில் யோக்கியமல்ல. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்தில் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கும் திலீபனுக்கு அவன் ஏன் அப்படியானான் என்று விளக்கும் பழைய கதை கிடைக்கிறது. புதைக்கப்பட்டவர்களுக்குக் கதை எதுவும் கிடைக்கவில்லை. செல்வராகவனின் 'புதுப்பேட்டை' (2006) எனக்குப் பெரிய படமாகத்தான் படுகிறது. அதன் கொக்கி குமாரின் பேர் இன்று ஊர் ஊராகப் பசங்களின் வாயில் இருக்கிறது. நண்பனின் தங்கை கல்யாணத்துக்குப் போன இடத்தில் மணப்பெண்ணின் கழுத்தில் அவன் பலவந்தமாகத் தாலி கட்டுகிறான். அந்தப் பெண்ணின் பேர் செல்வி. கொக்கி குமார் என்று சொல்கிற பையனிடம் அவள் பேரைக் கேட்டுப் பாருங்கள். இதற்கு நேர் எதிரே, 1954இல் வந்த 'ரத்தக் கண்ணீர்' நிற்கிறது. எம்.ஆர். ராதாவின் மோகனசுந்தரம் ஒழுக்கத்தின் எந்த அளவுகோலிலும் தேறாதவன், ஆனாலும் தமிழர்கள் ஆசைதீரப் பார்த்தார்கள். அந்தப் படத்தில் கட்டியங்காரன் வெளியே இல்லை, ராஜாவின் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டே அழிகிற பாத்திரம் அது. கடைசியில் தன் மனைவி சந்திராவை நண்பனுக்கு மணம் முடித்துவைத்து, தனக்கு ஒரு சிலை வைக்கச் சொல்கிறான், மற்றவர்களுக்குப் பாடமாக. தொழுநோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டியதில் அந்தப் படம் நோயாளிகளுக்குச் செய்தது பெரிய அநியாயம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சந்திராவுக்கு ஒரு வாழ்க்கை மிச்சம் இருக்க வேண்டும் என்று கதை கவலைப்பட்டது.

நீங்கள் இப்போது ஒன்று கேட்கலாம். துரியோதனனையும்தான் வருஷா வருஷம் மண்ணிலிருந்து எழுப்புகிறோம், அதுவும் சீசன் கணக்குதானே என்று. கூர்மையான கேள்வி. 'டெக்ஸ்டர்' 2006 முதல் 2013 வரை எட்டு சீசன் ஓடி முடிந்தது. முடிவு யாருக்கும் பிடிக்காததால் 2021இல் மறுபடி எடுத்தார்கள், அதன் முடிவில் சொந்த மகன் கையாலேயே அவன் சுடப்பட்டுச் செத்தான். 2025இல் பிழைத்து எழுந்து வந்துவிட்டான், புதிய தொடருக்கு. டெக்ஸ்டரை எழுப்பியது அவன் மேலும் கொல்வதற்காக. துரியோதனனை எழுப்புவது அவன் மறுபடி விழுவதற்காக. விழாவின் எஜமானி யார் என்பதைப் பொறுத்து இது அமைகிறது. கோயில் பாஞ்சாலியுடையது, வரி அவள் பேரில், கரகம் அவள் பேரில், தீ அவள் பேரில். அவள் கூந்தல் முடியாமல் விழா முடியாது. தொடர்களிலோ சந்தா கட்டுகிறவர்கள் இருக்கும்வரை நாயகன் சாகக் கூடாது. சாகாத நாயகனுக்குக் கணக்குத் தீர்க்கும் நாளும் வராது. எல்லாத் தொடர்களும் அப்படியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 'பிரேக்கிங் பேட்' 62 எபிசோடில் தானே முடித்துக்கொண்டது, கடைசியில் வால்டர், எல்லாம் குடும்பத்துக்காக என்ற பொய்யை விட்டு, எனக்குப் பிடித்திருந்தது, அதனால் செய்தேன் என்று அதே ஸ்கைலரிடம் ஒப்புக்கொள்கிறான். 'சுழல்' முதல் சீசனிலும் முடிவு பாதிக்கப்பட்டவளின் கையில்தான் போய்ச் சேர்கிறது. அங்காளம்மன் திருவிழாவைக் கதைக்குள் கொண்டுவந்தவர்களுக்கு வேறு முடிவு எழுதவும் மனம் வந்திருக்காது.

இன்னொரு மறுப்பு: கூத்து சாமி காரியம், தொடர் வெறும் பொழுதுபோக்கு, இரண்டையும் ஒரு தராசில் வைக்கலாமா? வைக்கலாம். சாமியே வேண்டாம் என்றவர்களும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். பாரதிதாசன் 1934இல் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்று நாடகம் எழுதி, அதுவரை அசுரனாக இருந்தவனைத் திராவிட வீரனாக்கினார். அவர் கெட்டவனை ரசிக்கச் சொல்லவில்லை, யார் கெட்டவன் என்று தீர்மானித்தது யார் எனக் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சாமியும் தேவையில்லை, சாமி மறுப்பும் தேவையில்லை. நல்ல தொடரைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள்.

கடைசி மறுப்பை நானே எழுப்ப வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுப்ப மாட்டீர்கள். பாஞ்சாலிக்கு நியாயம் கேட்கும் கலையை நூற்றாண்டுகளாகப் பார்த்தவர்கள் நியாயவான்கள் ஆகிவிட்டார்களா? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழையக் கூடாது என்று தகராறு வந்து, 2023 ஜூனில் அரசு அந்தக் கோயிலைப் பூட்டி சீல் வைக்கும்படி ஆனது. சபை நடுவே ஒருத்தி அவமானப்பட்டதற்காகப் பதினெட்டு நாள் போர் நடந்த கதையை ஆடுகிற வாசலில் மனிதர்களை நிறுத்திவைத்தார்கள். ஆகவே கூத்து பார்த்தால் நல்லவன், தொடர் பார்த்தால் கெட்டவன் என்ற வாதம் என்னுடையதல்ல. ஒரு கலை யாரையும் திருத்திவிடும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. அடிபட்டவளைப் பார்க்காமல் இருக்க முடியாதபடி மேடையை அமைக்கும் கலை ஒன்று, பார்க்காமலே தாண்டிப் போக வழி விடும் கலை இன்னொன்று. முன்னதைப் பார்த்தும் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பழி கட்டியங்காரன்மேல் விழாது.

அதனால்தான் இந்த மடல் பெற்றோர்களுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது. தொடர் பார்க்காதே என்று தடுக்க உங்களால் முடியாது. 'மணி ஹெய்ஸ்ட்' திருடர்கள் தமிழிலேயே பேசி வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். உங்கள் கையில் இருப்பது கூத்துக் களம். அங்கே சில வருஷங்களாக நடப்பது எனக்கு உவப்பாயில்லை. நேரக் கட்டுப்பாடு, ஒலிபெருக்கிக் கெடுபிடி, அடுத்த நாள் இன்னிசைக் கச்சேரிக்கு மேடை போடும் அவசரம் எல்லாம் சேர்ந்து கூத்தைச் சுருக்கச் சொல்கிறீர்கள். சுருக்கும்போது எதை வெட்டுகிறார்கள்? ராஜாவின் பிரவேசத்தை வெட்ட மாட்டார்கள், கைதட்டல் அதற்குத்தான். வெட்டுப்படுவது கட்டியங்காரனின் குறுக்குப் பேச்சு. அல்லது அது இரட்டை அர்த்த நகைச்சுவையாகச் சுருங்கி, ராஜாவைக் கிண்டல் செய்ய வேண்டியவன் முன்வரிசைப் பெண்களைக் கிண்டல் செய்கிறான். படுகளத்தில் தொடை அடி பட்டதும் டிரோன் கேமரா படம் பிடித்து முடித்துவிடுகிறது, ஒப்பாரி தொடங்கும் முன்பே மைக் அணைந்துவிடுகிறது. இப்படி வெட்டி வெட்டிக் கடைசியில் நம் மைதானத்தில் மிஞ்சப் போவதும் பக்கத்தில் யாருமற்ற ராஜாதான். அதற்குப் பிள்ளைகள் வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை, அது கைபேசியில் இதைவிட நன்றாக ஓடுகிறது.

கேட்பது இவ்வளவுதான். முழு இரவு ஆட முடியாவிட்டால் ஒரு போர்க் காட்சியைக் குறையுங்கள், கட்டியங்காரனுக்கு நேரம் விடுங்கள். அவன் உங்களையே கிண்டல் செய்தால், குழுத் தலைவரின் வெள்ளை வேட்டியையும் வரிக் கணக்கையும் இழுத்தால், மைக்கைப் பிடுங்காமல் சிரித்துக்கொள்ளுங்கள். படுகளத்தில் காந்தாரி அழுது முடிக்கும்வரை ஒலிபெருக்கியை அணைக்காதீர்கள். துகில் இரவன்று ஊர் இளைஞர் சங்கத்துப் பையன்களை முன்னால் உட்கார வைத்து, ஆட்டம் முடிந்ததும் தேநீர்க் கடையில், நீ பார்க்கும் தொடரில் பாஞ்சாலி யார், அவள் கேட்ட கேள்விக்குச் சபையில் யார் பதில் சொன்னார்கள் என்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் உங்களைவிடக் கூர்மையாகப் பதில் சொல்லக் கூடும், நிறையப் பார்த்தவர்கள் அவர்கள்.

அடுத்த விழாப் பத்திரிகை அடிக்கும்போது உபயதாரர்கள் பட்டியலுக்கும் துரியோதன வேடம் கட்டுபவரின் படத்துக்கும் இடம் ஒதுக்குவீர்கள். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கட்டியங்காரனாக ஆடுபவரின் பேரையும் அதே எழுத்து அளவில் அச்சிடச் சொல்லி அச்சகத்துக்கு எழுதிக் கொடுங்கள். அவருக்கும் ராஜாவுக்குத் தரும் அதே கூலியைப் பேசி முடியுங்கள்.

அன்புடன்,
ஆரணியில் கூத்தும் தொடரும் பார்க்கும் ஒருவன்